யமுனாவின் கட்டம்

இப்போதெல்லாம் தொழிற்சாலைத் தரையில் வெளிச்சத்தாலேயே கோடு போடுகிறார்களாம்! கூரையில் விளக்கு மாதிரி ஒன்றை மாட்டிவிட்டால் போதுமாம், கீழே பளிச்சென்று மஞ்சள் கோடு விழுகிறதாம். கோட்டை நகர்த்த வேண்டுமா? விளக்கைத் திருப்பினால் கோடும் திரும்புமாம். போன வாரம் பாபு போன் செய்து சொன்னான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்தவன் அவன்.

"அண்ணே, பெயின்ட்டும் வேணாம், டேப்பும் வேணாம், முட்டி போட்டுக்கினு நகரவும் வேணாம். சுவிட்சைப் போட்டா கோடு! நீ இப்ப இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"அந்த சுவிட்சைப் போடற வேலைய எனக்கே குடுங்கன்னு சண்ட போட்டிருப்பேன்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுக் கேட்டான். "சரி, இவ்ளோ வருஷம் போட்டியே, உன் கோட்டுலயே எது சூப்பரு? பிரஸ் ஷாப்புல வாசல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓடுதே, அதுவா?"

"அது இல்லடா. அது கம்பெனியிலயே இல்ல. இஸ்கூல் செவுத்துல கீது."

அவனுக்குப் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் அவன் மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். "தாத்தா, செவுத்துல எதுக்குக் கோடு?" என்று போனுக்குள் கத்தினாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். அவளுக்காகவும், வகுப்பில் வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டு "எனக்கு ஒண்ணும் தோணலியே" என்று உட்கார்ந்திருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் போர்டு எழுதுகிற ஒருவரிடம் சேர்ந்து பிரஷ் கழுவினேன், டப்பா தூக்கினேன், லாரிகளின் முதுகில் 'ஹாரன் அடிக்கவும்' எழுதினேன். எத்தனை லாரி என்று கணக்கில்லை. பிறகு எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. நேற்றுவரை வேலிக்காத்தான் மரம் நின்ற இடத்தில் இன்று காம்பவுண்டுச் சுவர் நிற்கும், நாளை அதற்குள் சைரன் ஊதும். அப்படி வந்த ஒரு கம்பெனியில், வண்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனி அது, பராமரிப்புப் பிரிவில் பெயின்டராகச் சேர்ந்தேன். போர்டு எழுதத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். கையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்தார்கள்.

தொழிற்சாலைத் தரையைப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? பார்த்தால் விடமாட்டீர்கள், பாண்டி ஆடத் தோன்றும். அவ்வளவு கட்டங்கள், அவ்வளவு கோடுகள்! ஆள் நடக்க ஒரு வழி, சரக்குத் தள்ளுவண்டி போக ஒரு வழி. இரண்டுக்கும் ஓரத்தில் மஞ்சள் கோடு. கெட்டுப்போன பாகங்களை வைக்கிற கட்டம் சிவப்பு. நல்ல பாகங்கள் வைக்கிற கட்டம் பச்சை. துடைப்பத்துக்குக்கூட ஒரு கட்டம் உண்டு. துடைப்பம் அந்தக் கட்டத்தில்தான் நிற்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். கோடு போட்ட கட்டம் காலியாக இருந்தால், அங்கே இருக்க வேண்டிய ஏதோ ஒன்று காணாமல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த வழியாகப் போகிற யாராக இருந்தாலும் நின்று கேட்கலாம்: "இங்க இருந்தது எங்கே?" அதற்காகத்தான் கட்டமே போடுவது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

கோடு போடுவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் தின்னர் துணியால் துடைக்க வேண்டும். பிறகு நூலில் சுண்ணாம்புத் தூளைத் தடவி, இந்த முனையில் ஒருவர் அந்த முனையில் ஒருவர் இறுக்கிப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் 'டப்'! தரையில் வெள்ளைத் தடம் விழும். அந்தத் தடத்தை ஒட்டி இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்ட வேண்டும். ஒட்டினால் மட்டும் போதாது, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போக வேண்டும். நீவாத இடத்தில் பெயின்ட் அடியில் நுழைந்துவிடும். பிறகுதான் பெயின்ட். ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட். கடைசியில் டேப்பை உரிப்பது. அதிலும் நேரம் உண்டு. ரொம்ப ஈரமாக இருக்கும்போது உரித்தால் வழியும். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் டேப்போடு பெயின்ட்டும் ஓரத்தில் பிய்ந்து வரும். விரலால் தொட்டால் ஒட்டவும் கூடாது, கெட்டியாகவும் ஆகியிருக்கக் கூடாது, அந்த நேரம். டேப்பின் நுனியை மடக்கி, அதன் மேலேயே பின்பக்கமாக மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். அப்போது கீழே தெரியும் பாருங்கள் ஓரம், பிளேடு போட்டு அறுத்த மாதிரி! இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த நிமிஷம் எனக்கு அலுத்ததில்லை.

உரித்த டேப்புகள் என்னவோ குப்பைதான். ஆனால் அவை நம்மை விடாது. முட்டி போட்டு வேலை செய்கிறவன் கால்சட்டையில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே என் மகள் யமுனா ஓடி வருவாள். "அப்பா, திரும்பு!" என்பாள். ஒரு சுற்றுத் திரும்புவேன். ஓரத்தில் மஞ்சள் ஏறிய டேப் துண்டு எங்கேயாவது இருக்கும். அதை மடக்கி மெதுவாக உரித்து எடுப்பாள். பெரிய வேலை செய்து முடித்தவளைப் போல அதற்குப் பிறகுதான் என்னை உள்ளே விடுவாள்.

என் மேலதிகாரி தணிகாசலம் சார். காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு. ஒரு கோடு முடிந்தது என்று சொன்னால் வருவார். கழுத்து டையைத் தூக்கிச் சட்டைப் பைக்குள் செருகுவார். தரையில் உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றி, கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கோட்டின் நீளத்துக்குப் பார்ப்பார். குறை இருந்தால் திட்டமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, குறை இருக்கிற இடத்தில் நிற்க வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். சரியாக இருந்தால் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "அடுத்தது." நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. 'அடுத்தது' என்றால் பாஸ்.

என்னோடு வேலை செய்தவன் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடம் கூட்டு ரோட்டில் நான்கு பேரோடு ஒரு ரூமில் தங்கியிருந்தான். ஒரு தடவை தூண் ஓரத்தில் போட்ட கோட்டின் மேல் சாக்பீஸ் நின்றது. நானும் இசக்கியும் குனிந்து பார்த்தோம், நிமிர்ந்து பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணாச்சி, கோடு நல்லாத்தான இருக்கு. சாரு கண்ணுதான் கோணல் போல" என்றான் இசக்கி.

"படுத்துப் பாருடா."

படுத்தான். "யம்மாடி..." என்றான். கூந்தல் மயிர் அளவுக்கு ஓர் இடத்தில் பெயின்ட் டேப்பின் அடியில் நுழைந்து உப்பியிருந்தது. "இந்த மனுசன் வீட்டுல தோசை எப்படி வட்டமா சுடுவாவளோ" என்றான். சுரண்டிவிட்டு மறுபடி போட்டோம்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இரண்டாயிரமாவது ஆண்டு தாண்டிக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த ஊராட்சிப் பள்ளிக்கு வெள்ளையடித்துக் கொடுக்க நிர்வாகம் முடிவு செய்தது. யமுனா அங்கேதான் ஆறாம் வகுப்பு படித்தாள். வேலையை எங்கள் பிரிவுக்குக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்பில் பின்பக்கச் சுவர் ஒன்று நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. அதில் என்ன வரையலாம் என்று தணிகாசலம் சார் கேட்டபோது, வகுப்பு ஆசிரியை புஷ்பா டீச்சர் சொன்னார்:

"நீங்க எதுவும் வரைய வேணாம் சார். ஆளுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுங்க. பசங்களே வரையட்டும். பாத்து வரையக் கூடாது, அவங்கவங்க மனசுல இருக்கறத வரையணும்."

சார் சுவரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "கட்டம் போடறது எங்க வேல. உள்ள போடறது அவங்க வேல" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏழுமலை, திங்கக்கிழமை கம்பெனி பெரியவங்க வந்து பாக்கறாங்க. காலிக் கட்டம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. யாராவது போடாம விட்டா, சனிக்கிழமை அதுல நம்ம ஸ்டென்சில அடிச்சிடு" என்றார். எங்கள் ஸ்டென்சில் என்பது தகரத்தில் எழுத்து வெட்டிய அச்சு. 'பாதுகாப்பே முதல்' என்று இருக்கும். வைத்து, ரோலரை ஓட்டினால் எழுத்து விழும்.

சுவரில் நூல் அடித்துக் கட்டம் கட்டமாக டேப் ஒட்டினோம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரே டேப்தான், இருவருக்கும் பொது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை உள்ளே விட்டோம். ஐயோ, அந்தச் சத்தம்! கவிதா என்கிற பெண் வல்லக்கோட்டைக் கோயிலில் பார்த்த மயிலை ஆரம்பித்தாள். சுரேஷ் என்கிற பையன் காலையில் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற கம்பெனி பஸ்ஸைச் சிவப்பில் போட்டான். பாதிப் பேர், உங்களுக்கே தெரியும், இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னைமரம் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. ஆனால் அவ்வளவு ஆசையாகப் போட்டார்கள்!

யமுனாவுக்குக் கடைசி வரிசையில் ஓரக் கட்டம். அவள் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிரஷ் கையில் இருந்தது. பிரஷ் காய்ந்து போயிருந்தது. சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். இடப்பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள், மேல் கட்டத்தைப் பார்த்தாள், பிறகு தன் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. திரும்பி வந்து அதே மாதிரி உட்கார்ந்தாள்.

புஷ்பா டீச்சர் பக்கத்தில் குனிந்தார். "யமுனா, மனசுல இருக்கறத போடும்மா."

"மனசுல ஒண்ணும் இல்ல டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "டிராயிங் நோட்டுலயும் இதேதான் யமுனாப்பா. ஸ்கேல் இல்லாமயே ஓரம் போடுவா, எனக்கே அப்படி வராது. உள்ள மட்டும் ஒண்ணுமே இருக்காது."

சுரேஷ் பஸ்ஸுக்குச் சக்கரம் போட்டுக்கொண்டே பாட்டு மாதிரி இழுத்தான். "பெயின்டர் பொண்ணு... பெயின்ட்டே பண்ண மாட்டுது..."

"டேய், உன் பஸ்ஸுக்கு ஒரு பக்கமே மூணு சக்கரம் கீது, அத பாரு" என்றாள் கவிதா.

"அது ஸ்டெப்னி!" என்றான் சுரேஷ். எல்லோரும் சிரித்தார்கள். யமுனா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நானும் என் மனைவி சரோஜாவும் யமுனாவுக்கு யோசனை சொல்லி முட்டி மோதினோம்.

"மயிலு போடேன்" என்றேன்.

"கவிதா போட்டுட்டா."

"ரோஜாப்பூ?"

"மூணு பேரு போட்டிருக்காங்க."

"ஏரோப்பிளேன்? நம்ம தலைக்கு மேலயே போதே."

"அது மணியோடது."

"மாங்கா போடுடி. பச்சைய கொழச்சி ஒரே இழுப்பு, முடிஞ்சது" என்றாள் சரோஜா.

"மாங்கா எனக்குத் தோணலம்மா, உனக்குத் தோணுது. அப்ப அது உன்னுது." முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னா நெனச்சாலும் ஏற்கெனவே யாராவது போட்டதாவே கீதுப்பா. எனக்குன்னு ஒண்ணு வரவே மாட்டுது. நாளைக்கு நீ அதுல ஸ்டென்சில் அடிச்சிடுவ இல்ல?"

நான் காலமெல்லாம் பிறர் சொன்ன இடத்தில் பிறர் சொன்ன நிறத்தில் கோடு போட்டவன். எதைப் போடுவது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஓரத்தை நீவத் தெரியும், உள்ளே என்ன என்று கேட்டால் எனக்கும் ஒன்றும் தெரியாது.

"அடிக்கச் சொல்லியிருக்காங்கம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கம்பெனியில் ஒரு கோடு பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் நேற்றுப் போட்டதன் மேல் இரண்டாவது கோட் பூசி முடிக்கிற நேரம். சுரேஷின் பஸ்ஸில் ஜன்னலுக்கு ஒரு தலை முளைத்திருந்தது. மயிலுக்குத் தோகை கட்டத்தைத் தாண்டி டேப் மேலெல்லாம் ஏறியிருந்தது. யமுனாவின் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. முன்னால் அவளும் இருந்தாள். எழுந்து போய்விடவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தணிகாசலம் சார் மதியம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முறைப்படி எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகுதான் டேப்பை உரிக்க வேண்டும். நான் ஸ்டென்சில் தகரத்தை எடுத்துத் துடைத்தேன். ரோலரை நனைத்தேன். என் மகளுடைய கட்டத்துக்கு நேராக நின்றேன். சார் சொன்ன வேலை, செய்துதான் ஆக வேண்டும். கை மட்டும் எழவில்லை.

அப்போது இசக்கி சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினான். "அண்ணாச்சி! மேல் வரிசை காய்ஞ்சிட்டு வருது. இப்ப உரிக்கலன்னா மயிலு தோகையெல்லாம் டேப்போட பிய்ஞ்சி வந்துரும்லா! ஸ்டென்சில பொறவு பாத்துக்கிடலாம்."

உண்மைதான். பங்குனி வெயிலில் சுவர் கொதித்தது. அவ்வளவு டேப்பையும் நாங்கள் இரண்டு பேர் உரித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். "பசங்களா, எல்லாரும் வாங்க! அவங்கவங்க கட்டத்து டேப்ப அவங்கவங்களே உரிங்க!" என்றேன்.

அவ்வளவுதான், வகுப்பே சுவரின் மேல் விழுந்தது. ஒருவன் வெடுக்கென்று இழுத்தான், டேப் அறுந்தது. இன்னொருத்தி நகத்தால் பிராண்டினாள்.

"இழுக்காதீங்க!"

யமுனாவின் குரல். எழுந்து நின்றிருந்தாள். "அப்படி இழுக்கக் கூடாது! நுனிய மடக்கணும். மடக்கிட்டு அது மேலயே பின்னாடி கொண்டு போணும். மெதுவா. சுரேஷ், கைய எடு, நான் காட்டறேன்."

சுரேஷ் கையை எடுத்தான்! அவள் பஸ்ஸுக்கும் மயிலுக்கும் நடுவே இருந்த டேப்பின் நுனியை மடக்கி, பின்பக்கமாகக் கொண்டுபோனாள். சர்ர்ர் என்று ஒரே சீராக வந்தது. கீழே ஓரம் பிளேடு போட்ட மாதிரி தெரிந்தது. "யேய்!" என்று கத்தினார்கள். "எனக்கு! எனக்கு! யமுனா, எனக்குக் காட்டு!" இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். "அவசரப்படாத." "மூச்ச புடிச்சிக்கோ." "ஆங், அப்படித்தான்." எல்லாம் நான் இசக்கியிடம் சொல்கிற வார்த்தைகள். இசக்கி என் காதோரம், "அண்ணாச்சி, சின்ன சூப்பர்வைசர் வந்துட்டாவ" என்றான்.

திடீரென்று அவள் நின்றுவிட்டாள். கையில் நீளமாக ஒரு டேப் தொங்கியது. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் டேப்பின் வெளுத்த நிறம். ஒரு ஓரத்தில் கவிதாவின் மயில் நீலம், இன்னொரு ஓரத்தில் சுரேஷின் பஸ் சிவப்பு. இரண்டு பேரும் கோட்டைத் தாண்டி வந்தது அத்தனையும் அந்தத் துண்டில் இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். காலடியில் எல்லோரும் உரித்துப் போட்ட டேப்புகள் சுருண்டு கிடந்தன. பச்சை, ஊதா, செம்மண் நிறம், ஆற்று நீலம்.

"யாரும் கீழ போடாதீங்க!" என்று கத்தினாள் பாருங்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். "மிதிக்காதீங்க! எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்க! மணி, உன் கால தூக்கு!"

"குப்பைய வெச்சி இன்னாடி பண்ணப் போற?" என்றான் சுரேஷ்.

மேஜை நாற்காலி ஒட்டுவதற்குக் கொண்டுபோயிருந்த வெள்ளைப் பசை டப்பாவை என்னிடம் கேட்டாள். கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று ஒரு பயம்! தன் கட்டம் முழுக்கப் பசையைப் பூசினாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து, மேலிருந்து கீழே, கொஞ்சம் சாய்வாக ஒட்டினாள். நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று. அறுந்துபோனதையும் விடவில்லை. ஒட்டியதும் கட்டைவிரலால் ஓரத்தை நீவினாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு துண்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஸ்டென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, ரோலரிலிருந்து பெயின்ட் செருப்பில் சொட்டுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் என்னிடம் வந்தாள். "அப்பா, திரும்பு."

வழக்கம்தானே என்று திரும்பினேன். முழங்காலுக்குப் பின்னால் எதையோ மடக்கி மெதுவாக உரித்தாள். ஓடிவிட்டாள்.

முடித்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றாள். கை முழுக்கப் பசை, முடியிலும் பசை.

"இன்னாடி இது?" என்றாள் கவிதா.

யமுனா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். "மழை" என்றாள்.

"மழைக்கு ஏது கலரு?" என்றான் சுரேஷ்.

"இந்த மழைக்குக் கீது."

அவன் கிட்டே போனான். மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி பார்த்தான். "டேய்... டேய்! இது என் பஸ்ஸு சிவப்புடா! இங்க பாரு, இங்கயும் கீது!"

வகுப்பு முழுவதும் அந்த ஒரு கட்டத்தின் மேல் பாய்ந்தது. "என் மலை!" "இது என்னோட ஆறு!" "டீச்சர், எங்க ரோஜாப்பூ யமுனா மழையில கீது டீச்சர்!" தன் நிறத்தைக் காணாதவர்கள் இன்னும் முண்டியடித்துத் தேடினார்கள். தேடினால் இருந்தது. எல்லோருடையதும் இருந்தது. புஷ்பா டீச்சர் அதட்டவே இல்லை. அவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சார் வாராவ!" என்றான் இசக்கி.

தணிகாசலம் சார் வாசலில் நின்றார். என் கையில் நனைந்த ரோலர், அடிக்காத ஸ்டென்சில். டேப்பை முதலில் உரித்தாகிவிட்டது. சுவரிலோ சாய்வும் கோணலுமாக, அறுந்ததும் சுருண்டதுமாக ஒரு கட்டம். கூந்தல் மயிர் அளவு கோணலுக்குச் சாக்பீஸ் வைக்கிற மனுஷர்! பிள்ளைகள் வழிவிட்டார்கள். யமுனா மட்டும் தன் கட்டத்துக்குப் பக்கத்தில் நின்றாள். என் ஸ்டென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் டையைச் சட்டைப் பைக்குள் செருகினார். தரையில் உட்கார்ந்தார். அது கடைசி வரிசை, கீழே இருந்த கட்டம். சுவரில் கன்னத்தை வைக்கிற மாதிரி சாய்ந்து, இடது கண்ணை மூடினார். மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, நான் அதுவரை பார்த்திராத ஒரு காரியம், மூடிய கண்ணைத் திறந்து இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இது பசங்களுக்குக் குடுத்த மஞ்சள் இல்லையே."

நானும் குனிந்தேன். அடர்த்தியான, வழவழவென்று மின்னுகிற மஞ்சள். சுவருக்குக் கொடுத்த பெயின்ட் மின்னாது. அது எங்கள் தரைக்கோட்டு மஞ்சள். காலையில் நான் போட்ட கோட்டினுடையது.

"இது யாருது?" என்றார் சார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

"எங்கப்பாவுது" என்றாள் யமுனா. "அவரு பேண்ட்டுலேர்ந்து எடுத்தேன். அவருக்குன்னு செவுத்துல கட்டம் இல்ல சார். அதான்."

சார் என் கையிலிருந்த ஸ்டென்சிலைப் பார்த்தார். "கம்பெனி பம்பு ரூம் கதவு காலியாத்தான கீது. அங்க அடிச்சிக்கோ" என்றார். பிறகு, "இது மேல க்ளியர் அடி ஏழுமலை. இல்லன்னா ஒரே வருஷத்துல உதிர்ந்துடும்."

க்ளியர் என்பது நிறமில்லாத பூச்சு. மேலே பூசினால் உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். எங்கும் ஒரே கனமாகப் பூச வேண்டும் என்பதுதான் முறை. நான் புது பிரஷ் எடுத்தேன். மயில் நீலத்தின் மேல், பஸ் சிவப்பின் மேல், ஊரிலேயே இல்லாத அந்த மலைகளின் மேல் மேலிருந்து கீழே ஒவ்வோர் இழுப்பாக இழுத்தேன். அந்த மஞ்சள் துண்டு வந்தபோது மட்டும் கை நிற்கவில்லை. அதன் மேல் இன்னொரு முறையும் பிரஷை ஓட்டிவிட்டேன்.

சார் பார்த்துவிட்டார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

கை வெறுமனே வெளியே வந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். யமுனாவைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்தது."

அடுத்தது என்று அங்கே எதுவும் இல்லை. அதுதான் சுவரிலேயே கடைசிக் கட்டம்.